எல்லையில் உடலைப் படிப்பவர்கள்

கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அங்க அடையாளம் கேட்டு ஒரு கட்டம் இருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் அதே கேள்விதான். ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம்’, ‘இடது முழங்காலில் ஒரு தழும்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாமும் மறந்துவிடுகிறோம். அலுவலகமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நாட்டின் எல்லையில், குடிவரவு அதிகாரியின் முன்னால் நிற்கும்போது, தழும்பும் பச்சை குத்திய கையும் தலைமுடியின் நீளமும் திடீரென்று கனம் பெறுகின்றன. அவற்றால் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. சிறைக்குப் போனவர்கள் உண்டு. கணவனும் மனைவியும் ஆண்டுக்கணக்கில் வெவ்வேறு நாடுகளில் கிடந்ததும் உண்டு.

பயணியின் தோற்றத்தை எல்லை அதிகாரிகள் எப்படியெல்லாம் படித்திருக்கிறார்கள், அந்தப் படிப்பு எவ்வளவு தூரம் சரியாக இருந்தது, தவறிய இடத்தில் யார் பதில் சொன்னார்கள் என்ற மூன்று கேள்விகளையும் நீதிமன்றங்களுக்கும் அரசு ஆவணங்களுக்கும் வந்த நிகழ்வுகளைக் கொண்டு இந்தக் கட்டுரை பார்க்கிறது.

அடையாளம் காண்பதும் எடைபோடுவதும்

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது. நேட்டாலுக்குப் போன அப்படிப்பட்ட கப்பல்களின் பதிவேடுகளில் கூலியின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடல் அடையாளத்துக்கும் ஒரு பத்தி இருந்தது. அன்றைக்குப் புகைப்படம் எளிதில் கிடைக்கும் பொருளாக இல்லை; கைரேகைப் பதிவும் வழக்கத்துக்கு வரவில்லை. இறங்கியவர்தான் ஏறியவர் என்று உறுதிசெய்யத் தழும்பும் மருவும் பச்சைக்குத்தும் வேண்டியிருந்தன.

இது உடலைப் படிப்பதில் முதல் வகை. ‘நீ யார்?’ என்ற கேள்விக்கு மட்டும் உடல் விடை சொல்கிறது. இரண்டாவது வகை ‘நீ எப்படிப்பட்டவன்?’ என்று கேட்கிறது. கம்பெனி ஆட்சியில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தின் பெயரையே பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. 1849-ல்தான் அது ஒழிந்தது. அங்கே அரசே தீர்ப்பை எழுதித் தோலில் பதித்தது. இன்றைய எல்லைகளில் நடப்பது இதன் மறுபக்கம்: பயணி தன் விருப்பத்துக்குக் குத்திக்கொண்டதை அரசு தீர்ப்பாகப் படிக்கிறது. இந்த விஷயத்தில் நேரும் அநியாயங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு யாரும் கவனிக்காமல் தாவும் இடத்தில்தான் தொடங்குகின்றன.

கையில் புத்தர்

2014 ஏப்ரலில் பிரிட்டனைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் இந்தியாவிலிருந்து கொழும்புக்கு வந்து இறங்கினார். அவருடைய வலது மேற்கையில் தாமரைமேல் அமர்ந்த புத்தரின் டாட்டூ இருந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவரைக் கைது செய்து நீர்கொழும்பு நீதவான் முன் நிறுத்தினார்கள். நாடுகடத்த உத்தரவானது. சிறையிலும் தடுப்பு முகாமிலும் சில இரவுகளைக் கழித்த பிறகே அவரை விமானம் ஏற்றினார்கள். தான் பௌத்த வழியைப் பின்பற்றுகிறவள், தியான முகாம்களில் கலந்துகொண்டவள், பக்தியால் குத்திக்கொண்டது இது என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு பிரிட்டிஷ் பயணியையும் புத்தர் டாட்டூவின் பேரில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 9-ஆவது உறுப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. புத்தர் உருவை அவமதிப்பதாகத் தெரிந்தால் அங்கே மக்கள் மனம் கொதிப்பார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவமதிப்பு எது? காலில் குத்தினால் அவமதிப்பு, கையில் குத்தினால் பக்தி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. செவிலியர் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். 2017 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்தக் கைதுக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று சொல்லி, காவலில் அவர் நடத்தப்பட்ட விதத்தைக் கடுமையாகக் கண்டித்து, மொத்தம் 8 லட்சம் இலங்கை ரூபாய் இழப்பீடும் செலவும் தர உத்தரவிட்டது. அதிகாரிகளின் பங்கும் அதில் இருந்தது.

மூன்றரை ஆண்டுகள் கழித்து வந்தாலும் இது பெரிய தீர்ப்பு. ஒரு வெளிநாட்டுப் பயணியின் கையிலிருந்த படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே தன் அதிகாரிகளுக்குச் சொன்னது. அவர் மனுப் போட ஒரு வாசல் இருந்ததால்தான் அது நடந்தது.

கும்பலின் முத்திரையா, தாயின் பெயரா?

அந்த வாசல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு எடுத்துக்காட்டுகள் உள்ளன.

முதலாவது, ‘வெளியுறவுத் துறை எதிர் முன்யோஸ்’ வழக்கு. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர் எல் சால்வடார் நாட்டவர் ஒருவரை 2010-ல் மணந்தார். குடியேற்ற விசா வாங்கக் கணவர் 2015-ல் சான் சால்வடார் தூதரகத்துக்குப் போனார். விசா மறுக்கப்பட்டது, காரணமாக ஒரு சட்டப் பிரிவின் எண்ணை மட்டும் சொன்னார்கள். வழக்குப் போட்டு ஆண்டுகள் கழிந்த பிறகே, நேர்காணல், டாட்டூக்கள் முதலியவற்றை வைத்து அவரை எம்எஸ்-13 என்ற குற்றக் கும்பலின் ஆள் என்று அதிகாரி நம்பியது வெளியே வந்தது. அவர் உடலில் இருந்தவை நாடக முகமூடிகள், குவாதலூப்பே மாதா, சிக்மண்ட் ஃபிராய்டின் பக்கவாட்டு முகம் போன்றவை. நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கும்பல் விவகார நிபுணர் ஒருவர், இவற்றில் எதுவும் கும்பல் அடையாளமல்ல என்று எழுத்தில் சொன்னார். அந்தச் சொல்லை எடைபோடும் இடத்துக்கே வழக்கு போகவில்லை. தூதரக அதிகாரியின் விசா முடிவை நீதிமன்றங்கள் பொதுவாகத் தொடுவதில்லை என்பது அங்கே நெடுங்காலக் கோட்பாடு. 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுத் துணைவரை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமகளின் அடிப்படை உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்துக் கதவைச் சாத்தியது. ஃபிராய்டின் முகம் கும்பல் முத்திரையா என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் விடை சொல்லவில்லை.

இரண்டாவது இன்னும் கொடியது. 2025 மார்ச் 15 அன்று அமெரிக்க அரசு 1798-ஆம் ஆண்டின் அந்நிய எதிரிகள் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, ‘ட்ரென் டெ அராகுவா’ கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லி வெனிசுவேலா நாட்டவர் பலரை எல் சால்வடாரின் பெருஞ்சிறைக்கு அனுப்பியது. ஆளைத் தீர்மானிக்க ஒரு மதிப்பெண் பட்டியல் இருந்தது என்பது நீதிமன்றத்தில் தாக்கலான ஆவணங்களில் தெரிய வந்தது. 8 மதிப்பெண் எடுத்தால் கும்பல் உறுப்பினர். கும்பல் விசுவாசத்தைக் காட்டும் டாட்டூவுக்கு 4. கும்பல் சின்னம், உடை முதலியவற்றுக்கு இன்னொரு 4. ஆக, தோலும் துணியும் மட்டுமே ஒருவரை எட்டுக்குக் கொண்டுபோக முடியும்.

அப்படிப் போனவர்களில் ஓர் ஒப்பனைக் கலைஞர் இருந்தார். அரசின் செயலி வழியே முறையாக நேரம் பதிந்து 2024 ஆகஸ்டில் சான் டியேகோ எல்லைச் சாவடியில் வந்து நின்றவர். இரண்டு மணிக்கட்டிலும் கிரீடம். ஒன்றின் அருகே அம்மா என்றும் மற்றொன்றின் அருகே அப்பா என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவருடைய சொந்த ஊர் மூன்று ராஜாக்கள் திருவிழாவுக்குப் பேர்போனது. சிறு வயது முதல் அந்த விழாவில் பங்கெடுத்து வந்தவர் அவர். ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் கிரீடத்துக்கு அர்த்தம் சொல்லியிருப்பார்கள். அந்தக் கும்பலுக்கு உறுப்பினர் அடையாளமாக டாட்டூ போடும் வழக்கமே கிடையாது என்று அதை ஆராய்ந்தவர்களும் எடுத்துச் சொன்னார்கள். 2025 ஜூலை 18 அன்று கைதிகள் பரிமாற்றத்தில் 252 வெனிசுவேலர்கள் விடுதலையாகி ஊர் திரும்பியபோது அவரும் திரும்பினார். நான்கு மாதச் சிறைக்கு எந்த விசாரணையும் இல்லை, எந்தத் தீர்ப்பும் இல்லை.

முடி, உடை, நடை

டாட்டூ இல்லாதவர்களும் தப்புவதில்லை. 1970-களில் சிங்கப்பூர் நீளமுடி வைத்த ஆண்களை ஹிப்பிப் பண்பாட்டின் தூதர்களாகப் பார்த்தது. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளமுடி; அப்படிப்பட்டவர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்புப் பலகை தொங்கியது. 1972-ல் லெட் செப்பலின் இசைக் குழுவின் நிகழ்ச்சி முடியின் காரணமாக நடக்காமல் போனது. 1970 ஆகஸ்டில் மலேசிய இளைஞர் மூவரைப் பிடித்து முடியை வெட்டிய விவகாரம் பெரிதாகி, பிரதமர் லீ குவான் யூ தன் மலேசியப் பயணத்தையே ஒத்திவைக்க வேண்டியதாயிற்று.

1975-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரிக்னோனி-போன்ஸே வழக்கில், மெக்சிகோ வம்சாவளியினர்போலத் தெரிவது மட்டுமே வாகனத்தை நிறுத்தக் காரணமாகாது என்றது. அதே தீர்ப்பில், மெக்சிகோவில் வாழ்பவர்களுக்கே உரிய உடையும் முடிவெட்டும்கூட அதிகாரி கவனிக்கத்தக்க அம்சங்கள்தான் என்றும் சொல்லிவைத்தது. ஒரு கதவை மூடிய கையோடு ஜன்னலைத் திறந்துவிட்ட இந்தத் தீர்ப்பின் நிழல் ஐம்பது ஆண்டுகளாக நீடிக்கிறது.

ஐரோப்பாவில் இரு வழக்குகள் முக்கியமானவை. 2001-ல் பிரிட்டன் தன் குடிவரவு அதிகாரிகளைப் பிராக் விமான நிலையத்திலேயே நிறுத்தியது. ரோமா இனத்தவர் தஞ்சம் கேட்டு வருவதைத் தடுப்பதே நோக்கம். செக் தொலைக்காட்சி நிருபர்கள் இருவர், ஒருவர் ரோமா, மற்றவர் ரோமா அல்லாதவர், ஒரே பயணக் காரணத்தோடும் ஒரே அளவு பணத்தோடும் வரிசையில் நின்றார்கள். ரோமா நிருபருக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. மற்றவர்களைவிட ரோமா பயணிகள் திருப்பப்படும் வாய்ப்பு 400 மடங்கு அதிகம் என்ற கணக்கு பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் முன் வந்தது. 2004 டிசம்பரில் சபை இதை இனப் பாகுபாடு என்றே தீர்ப்பளித்தது.

2018-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் விமான நிலையத்தில் ரோமிலிருந்து திரும்பிய நகர்மன்ற உறுப்பினர் பமெங்கா தடுத்து நிறுத்தப்பட்டார். வேகமாக நடந்தார், நன்றாக உடுத்தியிருந்தார், டச்சுக்காரர்போலத் தெரியவில்லை, ஆகவே நைஜீரியப் பணக் கடத்தல்காரரின் சாயலோடு பொருந்தினார் என்பது தரப்பட்ட விளக்கம். நல்ல சட்டை வெள்ளைத் தோலின்மேல் இருந்தால் மரியாதை, கறுப்புத் தோலின்மேல் இருந்தால் சந்தேகம். கீழ் நீதிமன்றம் எல்லைக் காவல் படையின் முறையை ஏற்றது. 2023 பிப்ரவரியில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, யாரைச் சோதிப்பது என்ற முடிவில் இனத் தோற்றத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்றது. பமெங்கா பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

புடவையும் தப்பவில்லை. 2010 டிசம்பரில், அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராகவே இருந்த மீரா சங்கரை மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் விமான நிலையத்தில் தனியே அழைத்துத் தடவிச் சோதித்தார்கள். அவர் புடவை உடுத்தியிருந்ததே காரணம் என்று செய்திகள் வெளியாகி, வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா கண்டனம் தெரிவித்தார்.

‘பழுத்த அதிகாரிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்’ என்ற நம்பிக்கையை அமெரிக்காவே பெரும் செலவில் சோதித்துப் பார்த்தது. விமானப் பயணிகளின் முகத்தையும் நடத்தையையும் கவனித்து ஆபத்தானவர்களைக் கண்டுபிடிக்கும் திட்டத்துக்கு 2007 முதல் ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவானது. அதன் பட்டியலில் மிகையான கொட்டாவி, சீட்டி, அண்மையில் தாடி மழித்ததால் வெளுத்த முகம் எல்லாமே சந்தேகக் குறிகள். 2013-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, 60 ஆண்டுகளில் வந்த 400-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த முடிவுகளைப் பார்த்துவிட்டு, நடத்தையைக் கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறன் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம், அல்லது இம்மி கூடுதல் என்று அறிவித்தது.

தமிழர் முதுகில் தழும்பு

இந்த விஷயம் நமக்கு மிக அருகில் வரும் இடம் ஈழத் தமிழரின் தழும்புகள். போர்க் காலத்தில் உடலில் காயத் தழும்பு உள்ள தமிழ் இளைஞன் என்றால் புலி என்று சந்தேகிக்கும் வழக்கம் இலங்கைப் பாதுகாப்புப் படையினரிடம் இருந்தது. ஷெல் துண்டு பட்ட சிவிலியனுக்கும் தழும்பு இருக்கும், வயலில் அரிவாள் பட்டவனுக்கும் இருக்கும். 2007-ல் பிரிட்டனின் தஞ்ச மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கொழும்புக்குத் திரும்பும் தமிழருக்கு ஆபத்தை உண்டாக்கக்கூடியவை என்று 12 அம்சங்களை அடுக்கியது. உடலில் தழும்பு இருப்பது அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஒரு தமிழரைத் திருப்பி அனுப்புவதைத் தடுத்த வழக்கில் தழும்புகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அதே தழும்பு மறுமுனையில் வேறு விதமாகப் படிக்கப்பட்டது. புலிகளுக்காக நகைகளை மதிப்பிட்டுத் தங்கம் உருக்கியதாகச் சொன்ன ஒரு தமிழர், காவலில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டார்கள் என்று 2011-ல் பிரிட்டனில் தஞ்சம் கேட்டார். தழும்பின் ஓரங்கள் மிகத் துல்லியமாக இருக்கின்றன, ஆகவே மயக்க நிலையில் வேறொருவரைக் கொண்டு இவரே போட்டுக்கொண்டிருக்கலாம் என்று கீழ்த் தீர்ப்பாயம் ஐயப்பட்டது. கொழும்பில் தழும்பு இருந்தால் போராளி. லண்டனில் அதே தழும்பு இருந்தால் நடிப்பு. 2019 மார்ச் 6 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், அப்படித் தனக்குத் தானே ஏற்பாடு செய்து சூடு போட்டுக்கொள்வது மிக மிக அரிது, அந்த அரிய தன்மைக்கு உரிய கனத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

இந்த வழக்கில் மருத்துவர்கள் கையாண்ட அளவுகோல் மிகவும் பெறுமதியானது. 1999-ல் உருவாகி ஐ.நா. வெளியிட்ட ‘இஸ்தான்புல் நெறிமுறை’, ஒரு காயத்தையும் அதைப் பற்றிச் சொல்லப்படும் காரணத்தையும் ஐந்து படிகளில் ஒப்பிடச் சொல்கிறது. ஒன்று, பொருந்தவில்லை. இரண்டு, பொருந்துகிறது, ஆனால் வேறு பல காரணங்களாலும் வந்திருக்கலாம். மூன்று, மிகவும் பொருந்துகிறது, வேறு காரணங்கள் சிலவே. நான்கு, இத்தகைய காயத்துக்கு வழக்கமான தோற்றம், ஆனாலும் வேறு காரணத்துக்கு இடமுண்டு. ஐந்து, வேறு எந்த வழியிலும் வந்திருக்க முடியாது. ஐந்தாம் படியைத் தவிர மற்ற எல்லாப் படியிலும், ‘வேறு எப்படி வந்திருக்கலாம்?’ என்று மருத்துவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 4-ஐயும் 4-ஐயும் கூட்டி எட்டு என்று முடிக்கும் எல்லைப் பட்டியலில் இல்லாதது இந்தக் கேள்விதான்.

இயந்திரத்தின் பார்வை

மனிதரை விட்டு இயந்திரத்திடம் ஒப்படைத்தால் சாய்வு போய்விடும் என்கிறார்கள். 2025 ஜனவரி முதல் சென்னை விமான நிலையத்திலும் முன்பதிவு செய்த பயணிகளுக்குத் தானியங்கிக் குடிவரவு வாயில்கள் வந்துவிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டினரின் முகத்தையும் விரல் ரேகையையும் எல்லையில் பதிவுசெய்யத் தொடங்கியது. இயந்திரம் கேட்பது ‘நீ யார்?’ என்பதை மட்டும்தான். அந்த அளவில் இது நல்ல மாற்றம். ஆனால் அந்தக் கேள்விக்கும் அது எல்லோரையும் சமமாகப் பார்ப்பதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2019 டிசம்பரில் 189 முகமறி நிரல்களைச் சோதித்தபோது, ஒருவரை இன்னொருவராகத் தவறாகப் பொருத்தும் பிழை ஆசிய, ஆப்பிரிக்க முகங்களுக்கு வெள்ளையரைவிடப் பல நிரல்களில் 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. சீனாவில் உருவான சில நிரல்களில் கிழக்காசிய முகங்களுக்கு அந்தப் பிழை குறைவு. எந்த முகங்களைக் காட்டிப் பழக்குகிறோமோ அவற்றையே இயந்திரம் நன்றாக அறிகிறது.

எதிர்வாதமும் தீர்வும்

அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு பயணிக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். எம்எஸ்-13 என்ற எழுத்துகளையே முகத்தில் குத்திக்கொண்ட கும்பல் ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஜப்பானிய யாகூசாவின் முதுகுச் சித்திரங்களும் கற்பனை இல்லை. அதைக் கண்டும் அதிகாரி கேள்வி கேட்காமல் விட வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வி கேட்கத் தோற்றம் போதும். தண்டிக்கத் தோற்றம் போதாது.

பயணம் போகிறவர்களும் சில விஷயங்களைக் கவனிக்கலாம். கையிலோ காலிலோ புத்தர் உருவம் இருந்தால் இலங்கைக்குப் போகும்போது முழுக்கைச் சட்டையால் மூடிக்கொள்வது நல்லது. முகத்தில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலோ தோற்றம் வெகுவாக மாறியிருந்தாலோ கடவுச்சீட்டுப் படத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். டாட்டூவைப் பற்றிக் கேட்டால் எரிச்சலில்லாமல் அர்த்தத்தைச் சொல்ல வேண்டும். நுழைவு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் பயணி தன்னை மூடிக்கொண்டு தப்பிப்பது தற்காப்புதான், தீர்வு ஆகாது. மணிக்கட்டில் தாயின் பெயரை எழுதியவர் அதை மறைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எங்கும் இருக்கக் கூடாது.

மேலே பார்த்த நிகழ்வுகளை வரிசையாக வைத்தால் ஒன்று தெளிவாகிறது. கொழும்பு, பிராக், ஐந்தோவன், லண்டன் வழக்குகளில் அதிகாரியின் படிப்பை இன்னொருவர் சரிபார்க்க முடிந்தது. சரிபார்த்தபோது அது பிழை என்று தெரிந்தது. சான் சால்வடார் தூதரகத்தில் எடுத்த முடிவைச் சரிபார்க்க யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை; வெனிசுவேலர்களை அனுப்பியபோது அதற்கு நேரமே தரவில்லை; அங்கெல்லாம் பிழை மனிதரின் ஆண்டுகளையும் மாதங்களையும் தின்றது. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் எல்லையில் நான்கு விதிகளை வைக்க வேண்டும்: தோற்றத்தை மட்டுமே வைத்து எந்த முடிவும் கூடாது, அந்தக் குறிக்கு வேறு என்ன அர்த்தம் இருக்கலாம் என்பதை அதிகாரி பதிவுசெய்ய வேண்டும், பயணியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தந்து, மேல்முறையீட்டுக்கு வழிவிட வேண்டும். இவை எல்லையைத் திறந்துவிடும் விதிகள் அல்ல. யாரை உள்ளே விடுவது என்ற உரிமை அப்போதும் நாட்டிடம்தான் இருக்கும். அந்த உரிமையைப் பயன்படுத்தும் அதிகாரி தன் கண் கண்டதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை மட்டும் இவை உறுதிசெய்யும்.